சுவர் காயட்டும், அப்புறம் விருந்தாளி வரட்டும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களையும் வீட்டு அறிக்கைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன். பிரெஞ்சு ஆவணங்களைக் கைப்பேசியில் மொழிபெயர்க்க வைத்துப் பொறுமையாகப் படித்தேன். தென்மேற்கு பிரான்ஸில் காஓர் ஊருக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் மேட்டில் இருக்கிற அந்தப் பண்ணை வீடு எனக்கும் பிடித்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு அப்பா வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். துலூஸில் வேலையையும் பார்த்துக்கொண்டு சனி ஞாயிறில் போய்வரக்கூடிய தூரம், கல் நல்ல கல், மாப்பிள்ளைக்கும் ஆசை. வாங்குங்கள். ஆனால் வருகிற கோடையிலேயே விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் வங்கித் தவணையைக் கட்டுவதாக ஒரு கணக்கு போட்டு அனுப்பியிருக்கிறாய் பார், அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வடக்குப் பக்கத்து அறையின் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் சுவரின் நிறமே வேறு. யாரோ அண்மையில் வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள், ஆனாலும் மூலையில் பெயிண்ட் உப்பிப் பொருக்குப் பொருக்காகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கீழே தரையில் கோலமாவு சிந்தின மாதிரி வெள்ளைத் தூள். அது சுவரிலிருந்து வந்த உப்பு. வெளிப்பக்கப் படத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும், கல்லுக்கு மேல் சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பூச்சு.

இந்தச் சுவரை நான் இங்கே பினாங்கில், நம் ஜார்ஜ்டவுனில் நிறையப் பார்த்தவன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் நம் நகரம் சேர்ந்த பிறகு பழைய கடைவீடுகளைத் திருத்துகிற வேலை மளமளவென்று வந்ததே, அப்போது நான் மேற்பார்வை பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதே வியாதிதான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததை மேல்பூச்சு வழியாகக் காற்றில் விட்டுவிடும். அப்படியே நூறு வருஷம் நன்றாக நின்றிருக்கும். பிறகு யாராவது உறுதியாக இருக்கட்டும் என்று சிமெண்டைப் பூசிவிடுவார்கள். ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை, மேலே ஏறும், உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகும். சூலியா தெருப் பக்கம் ஒரு வீட்டில் சிமெண்டைப் பெயர்த்து எடுத்தபோது உள்ளே இருந்த செங்கல் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. வீட்டுக்காரர் சீனப் புத்தாண்டுக்குள் தங்கும் விடுதி திறந்தாக வேண்டும் என்று பறந்தார். காயாத சுவரில் பூசினால் காசைக் கொண்டுபோய்க் கடலில் போட்டதற்குச் சமம் என்று வாதாடி, மாதக்கணக்கில் வெறும் சுவராகவே நிற்கவைத்து, அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் இறக்கினேன். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். நன்றாக இருக்கிறது.

உங்கள் சுவர் கல்சுவர், அறிக்கையில் 60 சென்டிமீட்டர் கனம் என்று போட்டிருக்கிறது. ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் ஒரு பொதுக்கணக்கு. 60 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 24 அங்குலம், நீயே பெருக்கிப் பார்த்துக்கொள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, நல்ல வெயில் காலமும் வாய்த்தால் கொஞ்சம் குறையலாம். அப்புறம் நம் ஊரில் இல்லாத ஒரு சங்கடம் அங்கே உண்டு, குளிர். 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்யக் கூடாது, இறுகுவதற்குள் உள்ளே நீர் உறைந்தால் பூச்சு உதிர்ந்துவிடும். அதனால் வெளிச்சுவர் வேலைக்கு வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குள்தான் நேரம். சிமெண்டை எடுக்க ஒரு பருவம், பூச அடுத்த பருவம். வருகிற கோடைக்கு எப்படி வாடகைக்கு ஆள் வைப்பாய்?

சுவரைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கூரை ஓடு, மழைநீர்த் தகரம், பிறகு வடக்குப் பக்கம் வெளியே மண் மட்டம். படத்தில் வெளி மண் உள்தரையைவிட உயரமாக இருக்கிற மாதிரி தெரிகிறது. அப்படி இருந்தால் மண்ணை வெட்டி இறக்கிச் சரளைக்கல் போட்ட வடிகால் எடுத்தாக வேண்டும். அதைச் செய்யாமல் சுவருக்குள் மருந்து ஊசி போட்டு ஈரத்தை நிறுத்துகிறோம் என்று யாராவது விலைப்பட்டியல் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போடாதே.

காகித விஷயம். கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி ஸ்பாங்க் என்கிற, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளைச் சோதிக்கிற உள்ளூர் அரசு அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை இருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு உட்பட்டதாக. நீ அனுப்பிய ஆவணங்களில் அதைக் காணோம், கேட்டு வாங்கு. தொட்டி சரியில்லை என்று அதில் இருந்தால் வாங்கிய ஒரு வருஷத்துக்குள் வாங்கியவர்கள் சரிசெய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம், எனவே அந்தச் செலவை இப்போதே விலையில் பேசிக் குறைக்கலாம். தொட்டியின் அளவையும் அறைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தானியக் கொட்டகையில் இன்னும் இரண்டு படுக்கையறை போடுவதாக மாப்பிள்ளை சொன்னாரே, அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். 1949-க்கு முந்திய வீடு, ஈயப் பெயிண்ட் அறிக்கையை மேலோட்டமாகப் பார்க்காதே, குழந்தைகள் வந்து தங்கப்போகிற இடம். தென்மேற்குப் பக்கம் கறையானும் உண்டு, உத்திரம் சுவரில் ஏறுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார், நம் வீட்டில் அப்பா செய்கிற மாதிரியே. முதல் ஒப்பந்தம் கைக்கு வந்தபின் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள 10 நாள் உனக்கு இருக்கிறது, அந்த நாட்களை வீணாக்காதே.

வேலைக்காரர்களிடம் பத்து வருஷ உத்தரவாதக் காப்பீட்டுச் சான்றிதழைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம், அதில் உங்களுக்குத் தேவையான வேலையின் பெயர் இருக்கிறதா என்றும் பார். இன்னொன்று, மலிவு என்று நீங்களே பொருள்களைக் கடையில் வாங்கினால் 20 சதவீத வரி. வேலை செய்கிறவரே பொருளோடு செய்து கொடுத்தால் பழைய வீட்டுத் திருத்த வேலைக்கு 10 சதவீதம்தான்.

இப்போது வாடகைக் கணக்குக்கு வருகிறேன். ஆண்டு முழுக்க முக்கால்வாசி நாள் ஆள் இருக்கும் என்று எடுத்திருக்கிறாய். பாலிக் பூலாவில் உன் சித்தி வீட்டையே பார், டுரியான் காலத்தில் சனிக்கிழமை ஓர் அறைகூடக் கிடைக்காது, மழை பிடித்தால் வாரக்கணக்கில் பூட்டுதான். பிரான்ஸ் கிராமத்தில் ஜூலை ஆகஸ்ட் நிரம்பும், பள்ளி விடுமுறைகளில் கொஞ்சம் வரும், நவம்பரிலிருந்து யார் வருவார்கள்? வருமானத்தை இரண்டு மாதத்துக்கு மட்டும் வைத்து, தவணை உங்கள் இருவர் சம்பளத்திலிருந்தே கட்ட முடிகிறதா என்று மறுபடி போடு. முடியாது என்றால் இன்னும் சின்ன வீடாகப் பாருங்கள். வரியிலும் பழைய கணக்கு செல்லாது. 2024 நவம்பர் சட்டத்துக்குப் பிறகு, நட்சத்திரத் தரம் வாங்காத வீட்டுக்கு 15,000 யூரோ வரைக்குமான வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத்தான் செலவு என்று கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள், தரம் வாங்கினால் 50 சதவீதம் கழியும். தரச்சான்று வாங்கிக்கொள். அதே சட்டத்தின்படி 2034 முதல் ஏ முதல் ஜி வரை போடுகிற எரிசக்தித் தரத்தில் டி-க்குக் கீழே இருக்கிற வீட்டை இப்படி வாடகைக்கு விட முடியாது. இந்த வீடு எஃப். வெப்பக் காப்பு போடத்தான் வேண்டும், ஆனால் ஈரச் சுவரின் மேல் பிளாஸ்டிக் பலகையை ஒட்டி மூடிவிட்டால் திரும்ப அதே வியாதிதான், சுண்ணாம்போடு சணல் கலந்து பூசுகிற முறை அங்கே இருக்கிறதாம், விசாரி.

சனிக்கிழமை காலை ஒரு குடும்பம் கிளம்பி மாலையே இன்னொரு குடும்பம் வரும். நடுவில் படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, சாவி கொடுப்பது யார்? நீங்கள் இருவரும் வெள்ளிக்கிழமை வரை அலுவலகத்தில். ஊரிலேயே நம்பிக்கையான ஓர் அம்மாளைப் பிடித்து, நல்ல கூலி பேசி, அதைச் செலவில் எழுது. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டும்போது மெயின் குழாயை மூடி உள்ளே இருக்கிற தண்ணீரை எல்லாம் வடித்துவிட வேண்டும், உறைந்தால் குழாய் வெடிக்கும். நீச்சல் குளத்தை இப்போதைக்கு மறந்துவிடு. வேலியோ அலாரமோ மூடியோ கூண்டோ ஏதாவது ஒரு பாதுகாப்பு இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டம் கிடக்கட்டும், அடுத்தவர் பிள்ளை நம் வளாகத்தில் தண்ணீரில் இறங்கும்போது நாம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்போம், அதை யோசி.

பணம் பற்றி உன் அம்மாவிடம் பேசிவிட்டேன். சேமநிதியில் எடுத்ததில் ஒரு பகுதியை உனக்குத் தருகிறோம், கடனாக இல்லை. கூரைக்கும் வடிகாலுக்கும் சுவருக்கும் மட்டும். புதுச் சமையலறைக்கு வேண்டாம், அதை வீடு காய்ந்த பிறகு உங்கள் காசில் ஆசைப்படி செய்துகொள்ளுங்கள். முதல் குளிர்காலத்தை நீங்களே அங்கே போய்த் தங்கிப் பார்த்தால் எந்த அறை குளிர்கிறது, எங்கே ஒழுகுகிறது, வெந்நீர் எத்தனை பேருக்குப் போதும் என்று எல்லாம் தெரிந்துவிடும். ஏப்ரலில் நான் வருகிறேன். முழங்கால் வலி இருந்தாலும் சாரத்தில் ஏறாமல் கீழேயிருந்து பார்க்க முடியும், அங்கத்திய கொத்தனாரோடு பேச மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும்.

நோட்டரியிடம் போவதற்கு முன் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வா, மழை பெய்து முடிந்த மறுநாளாக இருந்தால் நல்லது. வடக்குப் பக்கம் வெளி மண்ணுக்கும் உள்தரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று டேப் வைத்து அளந்து, டேப்போடு படம் எடுத்து அனுப்பு. கழிவுநீர்த் தொட்டி அறிக்கையையும் கூடவே அனுப்பு.

அன்புடன்,
அப்பா
பினாங்கு