கொழுக்கட்டைப் புல்லைப் பார்க்க ஒரு நாள்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
தை 9

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, பையன் மூவரும் நலம். பட்டிப் பொங்கலன்று அண்ணன் அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கொம்புக்கு வண்ணம் பூசிய நம் மயிலைப் பசுவின் படத்தைப் பையன் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். அவள் வயிற்றைப் பார்த்தால் மாசிக்கு முன்பே ஈன்றுவிடுவாள் போலத் தெரிகிறது. அம்மா என்ன நினைக்கிறீர்கள்?

தொலைபேசியில் பேசினால் அப்பா இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். "அங்கே வந்து நான் எதைப் பார்ப்பது?" என்று போன வாரம் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரமாவது ஆகும்.

முதல் மூன்று வருடம் நானும் இங்கே எதையும் பார்க்கவில்லை என்பது உண்மை. அடுக்குமாடி வீடு, ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடம், கடை, மறுபடி வீடு. இரவுப் பணி முடிந்து வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மாலையில்தான் கண் விழிப்பேன். தெருவில் நடந்து போகிறவர்கள் அபூர்வம். கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்கிய பிறகுதான் இந்த ஊருக்கு வெளியே மண் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் மெக்சிகோ வம்சத்தைச் சேர்ந்தவள். அவள் தாத்தா கிங்ஸ்வில் என்ற ஊரில் மாடு மேய்த்தவர். அங்கே கிங் ரான்ச் என்று ஒரு பண்ணை இருக்கிறது, 8,25,000 ஏக்கர். 1853இல் ரிச்சர்ட் கிங் என்பவர் தொடங்கியது. மறு வருடம் அவர் மாடு வாங்க எல்லை தாண்டி மெக்சிகோவின் குருய்யாஸ் என்ற ஊருக்குப் போயிருக்கிறார். அங்கே கடும் பஞ்சம். ஊரார் தங்கள் மாட்டையெல்லாம் அவருக்கு விற்றார்கள். விற்ற பிறகு அந்த ஊரில் பிழைக்க வேறு வழி எது? மாட்டோடு சேர்ந்து குடும்பங்களும் கிளம்பி அவர் பண்ணைக்கே வந்துவிட்டன. அவர்கள் வழிவந்த வேலையாட்களைக் 'கினென்யோ' என்று இன்றைக்கும் அழைக்கிறார்கள். அவள் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு நம் அப்பாரு தாத்தா சொல்லும் பஞ்சக் கதைகள்தான் நினைவுக்கு வந்தன. மழையில்லாத வருடத்தில் உழவு மாட்டைத் தாவணிச் சந்தைக்கு ஓட்டிப்போய், விற்ற கையோடு அதன் கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்ததைச் சொல்வாரே, அது.

அந்தப் பண்ணையைப் பார்த்துவிட வேண்டும் என்று நவம்பரில் ஒரு சனிக்கிழமை தனியாகவே காரை எடுத்தேன். இங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காங்கேயத்திலிருந்து கும்பகோணம் போகும் தொலைவு இருக்கும். நெடுஞ்சாலை எண் 37இல் தெற்கே இறங்கி, கடைசியில் 77ஆம் எண் சாலைக்குத் திரும்ப வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகலாம், நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம். ஒன்பது மணிக்குத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன், வழியிலும் நின்று நின்று போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது பண்ணையைச் சுற்றிக்காட்டும் வண்டி கிளம்பிப் போய்விட்டது. ஆனாலும் அன்றைக்கு நான் பார்த்த ஒன்றுக்காகத்தான் உங்களை வரச் சொல்கிறேன்.

சாலையோர ஓய்விடம் ஒன்றில் காரை நிறுத்தினேன். வேலி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். நரிவால் மாதிரி கதிர், லேசான ஊதா நிறம். ஒரு கதிரை உருவிக் கையில் வைத்துத் தேய்த்தேன். அப்பா, அது கொழுக்கட்டைப் புல். நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல மரத்தடியில் மயிலை மேயுமே, அதே புல். கிங்ஸ்வில் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் அதுதான்.

நம் ஊரிலிருந்துதான் கொண்டுவந்திருப்பார்கள் என்று முதலில் நம்பினேன். பிறகு தேடிப் படித்தேன். இந்தப் புல் ஆப்பிரிக்காவுக்கும் நம் நாட்டுக்கும் பொதுவானது. இங்கே விதை வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. வறட்சி தாங்கும் மேய்ச்சல் புல் வேண்டும் என்று 1940களில் அரசே விதைக்கத் தொடங்கியது. மாடு வளர்ப்பவர்கள் அன்றைக்குக் கொண்டாடினார்கள். இப்போதோ இந்த மண்ணின் சொந்தப் புல்லையெல்லாம் அது அமுக்கிவிட்டது என்று பலரும் வருந்துகிறார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். அதே வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும் மரத்தை மெஸ்கீட் என்கிறார்கள். பார்த்தவுடன் வயிறு கலங்கியது. நம் சீமைக்கருவேலத்தின் கூடப்பிறந்தது போலவே இலையும் முள்ளும் நெற்றும். இரண்டும் ஒரே குடும்பம், இனம்தான் வேறு. கிணற்று மேட்டில் நீங்களும் பெரியப்பாவும் வேரோடு தோண்டிப் போராடிய மரத்தின் பங்காளி இங்கே மண்ணின் மைந்தன். அதன் விறகை வைத்துத்தான் இறைச்சி சுடுவார்கள், அந்தப் புகை வாசத்துக்குத் தனி மதிப்பு. மரத்தடியில் சப்பாத்திக்கள்ளி. அதுவும் இந்தப் பூமிக்கே உரியது. கடையில் முள் சீவிய மடல்களை அடுக்கி விற்கிறார்கள். என் தோழி அதைப் பொடியாக நறுக்கி முட்டையோடு வதக்கிக் காலைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவருவாள். வெண்டைக்காயின் வழவழப்பும் லேசான புளிப்பும் இருக்கும். ஒரு காலத்தில் கள்ளி மண்டி வெள்ளாமைக் காட்டையே அடைத்துக்கொண்டது, பூச்சியை விட்ட பிறகுதான் ஒழிந்தது என்று அப்பாரு சொல்வார்.

இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் கேட்பதைவிட, நீங்கள் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். எந்தப் புல்லை மாடு முதலில் கடிக்கும், எந்த மண்ணில் எது தழையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட எனக்குத் தெரியாது.

அதனால் அந்த ஒரு நாளைத் திட்டமிட்டு வைத்திருக்கிறேன். மார்ச் மாதம்தான் சரி. ஜூன், ஜூலையில் இங்கே வெயில் நம் அக்னி நட்சத்திரம் போல அடிக்கும். சித்திரையில் கண்ணபுரம் தேர். மாட்டுச் சந்தையை விட்டுவிட்டு நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படிக் கேட்கமாட்டேன். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவார்கள். அதற்குப் பிறகு மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே அதற்கு அடுத்த சனிக்கிழமை.

விடிந்த பிறகு ஏழரை மணிக்குக் கிளம்புவோம். அதற்கு முன் வேண்டாம். இருட்டில் இந்தச் சாலைகளில் மான் குறுக்கே பாயும். அம்மா அரிசிம்பருப்புச் சோறு கிளறித் தாருங்கள், தயிரும் ஊறுகாயும் நான் எடுத்து வைக்கிறேன். வழியில் சாப்பாட்டுக் கடைகள் இருந்தாலும் உங்கள் இருவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் முழங்காலுக்காக முன் இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்துவிடுவேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

முதலில் வருவது பிளசன்டன். மாடு மேய்ப்பவர்களின் பிறப்பிடம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் சிற்றூர். அதைத் தாண்டினால் எண்ணெய் இறைக்கும் பம்புகள் காட்டுக்குள் தலையாட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் துலா ஏற்றம் போலவே இருக்கும். பிறகு திரீ ரிவர்ஸ் என்ற ஊர். அட்டஸ்கோசா, பிரியோ, நுவேசெஸ் என்ற மூன்று ஆறுகள் அந்தப் பக்கம் கூடுவதால் அந்தப் பெயர். அம்மா, நம் பவானி கூடுதுறைதான் நினைவுக்கு வரும். படித்துறையும் கோயிலும் இல்லை, ஆனால் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கும்பிட்டுக்கொள்ளலாம். நான் கும்பிட்டேன்.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எங்கு பார்த்தாலும் முள்கம்பிதான். 1876இல் இந்த சான் அன்டோனியோ ஊரின் சதுக்கத்தில் முள்கம்பிக்குள் முரட்டு மாடுகளை விட்டு, அவற்றால் வேலியை உடைக்க முடியவில்லை என்று ஒரு வியாபாரி காட்டியதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு திறந்து கிடந்த மேய்ச்சல் நிலமெல்லாம் வேலிக்குள் போய்விட்டது. நம் கிளுவை வேலி தழைக்கும், ஆடு கடிக்கும், குருவி கூடு கட்டும். இந்தக் கம்பியில் அப்படி எதுவும் இல்லை. அப்பா, கடவுப் படலைத் தள்ளிவிட்டு யார் காட்டிலும் நுழைந்து மாட்டைப் பார்ப்பீர்களே, அதை இங்கே செய்யவே கூடாது. கம்பத்தில் ஊதா வண்ணம் பூசியிருந்தால் உள்ளே வராதே என்று பொருள், சட்டமே அப்படி. நான் கையைப் பிடித்துக்கொள்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புல்லைத் தொட்டுப் பார்க்க அந்த ஓய்விடத்திலேயே இடம் இருக்கிறது.

கிங்ஸ்வில்லில் பதினோரு மணி. சுற்றிக்காட்டும் வண்டிக்கு இந்த முறை முன்கூட்டியே இடம் பிடித்துவிடுவேன். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற மாடு. அந்தப் பண்ணையே உண்டாக்கிய இனம், 1940இல் அரசு அங்கீகரித்தது. எட்டில் ஐந்து பங்கு இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன், எட்டில் மூன்று பங்கு பிராமன். இந்தப் பிராமன் என்பதும் நம் நாட்டு மாடுகள்தாம். கீர், குசராத்தின் காங்கிரெஜ், நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் என்று கொண்டுவந்து கலந்தவை. வெயிலும் உண்ணியும் ஷார்ட்ஹார்னைப் படுத்தியபோது திமில் மாடுதான் கைகொடுத்திருக்கிறது. 1920இல் பிறந்த 'மங்கி' என்ற ஒரே காளையிலிருந்து இந்த இனம் முழுவதும் வந்ததாம். நிறத்தைப் பார்த்தால் நீங்கள் செவலை என்பீர்கள், நல்ல அடர்ந்த செவலை. தாடையின் கீழ் தொங்கும் அலைதாடியைப் பாருங்கள், நம் மாட்டின் சாயல் அதில்தான் தெரிகிறது. சாலையிலிருந்து தூரத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டமாக நின்றாலும் காங்கேயம் காளையின் நிமிர்வு அதற்கு இல்லை. இதைப் பாசத்தால் சொல்லவில்லை. பழையகோட்டைத் தாவணிக்கு உங்களோடு வந்து பழகிய கண்ணால் சொல்கிறேன்.

வண்டிச் சுற்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பிறகு மரநிழலில் சாப்பாடு. அதற்கு மேல் தெற்கே போகவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிட்டாவுக்குப் பக்கத்தில் எல்லைக் காவலரின் சோதனைச் சாவடி இருக்கிறது, திரும்பி வரும்போது நிறுத்திக் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு நாள் பயணத்தில் அந்த அலைச்சல் தேவையில்லை. எப்படியும் பாஸ்போர்ட் இரண்டையும் என் பையில் வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்காகத் திரும்பும்போது கார்பஸ் கிறிஸ்டி வழியாக வருவோம். கிங்ஸ்வில்லிலிருந்து 70 கிலோமீட்டர், கடற்கரை ஊர். திருச்செந்தூரில் காலை நனைத்தது போல அங்கேயும் நனைத்துக்கொள்ளலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே நிற்க மாட்டேன். இருட்டுவதற்குள் வீடு.

தோட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அண்ணனிடம் பேசிவிட்டேன். காலையும் மாலையும் அவரே வந்து தவிடு காட்டித் தண்ணீர் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மறக்காமல் ஒன்று: விதை, செடி, புல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள். நம் கொழுக்கட்டைப் புல் கதிர் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துவர நினைப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். உங்கள் கண்ணே போதும்.

மயிலை ஈனும் வரை நீங்கள் அவளை விட்டு நகரமாட்டீர்கள், அதுதான் நியாயமும் கூட. ஈன்றதும் காளைக் கன்றா கிடாரியா, நஞ்சுக்கொடி ஒழுங்காக விழுந்ததா என்று அன்றைக்கே அண்ணனை எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்