கபடிக்கு எந்த கேமரா?

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது. சீரியலில் யாருக்குப் பவுடர் அதிகம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். ஸ்டுடியோதான் முன்போல இல்லை. கல்யாண மண்டபத்தில் சின்னப் பையன்கள் ட்ரோனோடு சுற்றுகிறார்கள், நான் ட்ரைபாடோடு நிற்கிறேன். அது கிடக்கட்டும்.

உன் மருமகன் ஊர்க் கபடி ஆட்டங்களை எடுத்து யூடியூபில் போடப் போகிறான், மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது கேம்கார்டர் வாங்கி வருவார், எதை வாங்கச் சொல்வது என்று கேட்டிருந்தாய். இன்னும் பணம் அனுப்பவில்லையே? நல்லது, கொஞ்சம் பொறு.

நம் ஊரில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அதற்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்பாய். கபடி நடப்பது ராத்திரியில், ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில். அந்த லைட்டுகளில் பலவும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 நொடியில் இருந்தால் எல்லா ஃபிரேமிலும் (வீடியோவில் உள்ள ஒவ்வொரு தனிப் படத்திலும்) ஒரே அளவு வெளிச்சம் விழும். 1/60, 1/120 என்று போனால் படம் மினுக்கும், அல்லது கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் விற்கும் கேம்கார்டர்கள் பலவற்றில் நொடிக்கு 30, 60 ஃபிரேம்தான். 25, 50 கிடையாது, மெனுவில் மாற்றவும் வழியில்லை. ஷட்டரைக் கையால் 1/100-ல் நிறுத்த முடிந்தால் அதிலும் சமாளிக்கலாம். ஆனால் காசு கொடுத்து ஏன் வம்பை வாங்க வேண்டும்? இங்கேயே பிஏஎல் மாடலாக, அதாவது 25, 50 ஃபிரேம் எடுக்கும் நம் ஊர் வகையாகப் பார்த்து வாங்கு. மச்சானிடம் சாக்லேட் மட்டும் கேள்.

ஒன்று மட்டும் உண்டு. லைட் ஜெனரேட்டரில் ஓடினால் 50 என்பது 50-லேயே நிற்காது. 1/100 வைத்தாலும் மெல்லிசாகப் பட்டை தெரியும். அதற்கு மருந்து ஜெனரேட்டர்காரரிடம்தான் இருக்கிறது, கேமராவில் இல்லை.

பையன் 4கே, அதாவது மிகக் கூர்மையான படம் வேண்டும் என்று குதிப்பான். சோனியின் எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53 நல்ல கேம்கார்டர், 20 மடங்கு ஜூம், கை ஆட்டத்தையும் நன்றாக அடக்கும். ஆனால் பிஏஎல் மாடலில் 4கே எடுத்தால் நொடிக்கு 25 ஃபிரேம்தான். அதைவிடக் கூர்மை குறைந்த 1080-க்கு இறங்கினால் 50 கிடைக்கும். கபடிக்கு எனக்கு 1080-ல் 50 தான் வேண்டும். 30 நொடி ரெய்டில் எல்லோரும் சண்டை போடுவது போனஸ் கோட்டைத் தாண்டிக் கட்டைவிரல் பட்டதா, அப்போது பின்கால் தரையை விட்டு எழும்பியிருந்ததா என்பதற்காகத்தான். அது கண் சிமிட்டும் நேரம். 25-ல் அந்தக் கால் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தப்பிப் போய்விடும். 4கே-யிலும் 50 வேண்டுமென்றால் பானசோனிக் எச்சி-எக்ஸ்1500 போல மேலே போக வேண்டும், 24 மடங்கு ஜூம், விலையும் அதற்கேற்றபடி. அந்த ஃபைலைத் திறக்க ஒரு நல்ல கம்ப்யூட்டரும் வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

பகல் ஆட்டமென்றால் ஷட்டரை 1/500-க்கு ஏற்றலாம், விரல்கூடக் கத்தியாகத் தெரியும். ராத்திரியில் 1/100-க்கு மேல் போகாதே. கால் கொஞ்சம் கலங்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் ஜூமை நம்பாதே என்கிறேன். ஏஎக்ஸ்53 லென்ஸ் அகலமாக இருக்கும்போது எஃப்2, முழு ஜூமில் எஃப்3.8. அதாவது உள்ளே வரும் வெளிச்சம் கால்வாசிக்குச் சற்று மேல்தான். மிச்சத்தை கேமரா கெயினை ஏற்றி, அதாவது மங்கலான படத்தைச் செயற்கையாக வெளிச்சமாக்கிச் சரிக்கட்டும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். தள்ளி நின்று இழுப்பதைவிடக் கிட்டே போ. ஆண்கள் மைதானம் 13-க்கு 10 மீட்டர்தான், பெரிய தூரமில்லை. நடுக்கோட்டுக்கு நேராக, அம்பயருக்குப் பின்னால், இரண்டு ஆள் உயரத்தில் நிற்க இடம் கேள். லாரி பாடி, பள்ளிக்கூட மாடி, எதுவானாலும் சரி. அங்கிருந்து இரண்டு பக்க போனஸ் கோடும் தெரியும். ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிடு. ஆட்டோவில் விட்டால் ரெய்டர் குனிந்ததும் பின்னால் வேர்க்கடலை தின்கிற ஆளைப் பிடித்துக்கொள்ளும். சென்சார் சின்னது, அதனால் மைதானம் முழுக்கத் தெளிவாகவே இருக்கும். ட்ரைபாடுக்கு ஃப்ளூயிட் ஹெட் வாங்கு, கேமராவை வழவழவென்று திருப்ப உதவும் தலைப்பகுதி அது. கேமராவில் மிச்சம் பிடித்தாவது அதை வாங்கு. சுற்றிப் பிடிக்கும்போது படம் வெட்டி வெட்டித் திரும்பினால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும்.

போனிலேயே எடுத்தால் என்ன என்றும் கேட்டிருந்தாய். பகலில் எடுக்கலாம். ராத்திரியில் பெரும்பாலான போன்கள் ஜூம் போட்டால் படத்தைக் கலைந்த வாட்டர்கலர் ஓவியம்போல ஆக்கிவிடும். ஃபிரேம் வேகமும் சீராக இருக்காது. எடிட்டிங்கில் போட்டால் போகப் போக ஆள் வாயும் சத்தமும் ஒட்டாது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு வேகத்தைச் சீராக்கிய பிறகு எடிட் செய்யலாம், அது தனி வேலை.

சத்தத்துக்கு மைக் லெவலைக் கையால் வை. ஆட்டோவில் கூட்டம் கத்தியதும் எல்லாம் அமுங்கி, ரெய்டரின் ‘கபடி கபடி’ கேட்காமல் போகும். இன்னொன்று, ரெய்டுக்கு ரெய்டு மைக் செட்டில் சினிமாப் பாட்டு ஓடும். அதை அப்படியே ஏற்றினால் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துக் காப்பிரைட் கிளெய்ம் வரும், விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போய்விடலாம். இடைவெளியை வெட்டிவிடு, பாட்டும் போகும், வீடியோவும் விறுவிறுப்பாகும். கமிட்டிக்காரர்களிடம் பாட்டை நிறுத்தச் சொல்லிப் பார்க்காதே, உன்னை நிறுத்திவிடுவார்கள்.

எடிட்டிங் மென்பொருளைப் பொறுத்தவரை பேரைப் பார்க்காதே, லேப்டாப்பைப் பார். கேம்கார்டர் தரும் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) ஃபைலில் முழுப் படம் எப்போதாவது ஒன்றுதான். மற்றவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு. ஓட்டிப் பார்க்க அது லேசு, வெட்டி ஒட்டத்தான் லேப்டாப் திணறும். பழைய லேப்டாப் என்றால் முதலில் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் வேண்டிய ரெய்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளச் சொல். வீடியோவை மறுபடி சுருக்கி எழுதாததால் நிமிடத்தில் முடியும், வெட்டு மட்டும் ஒரு அரை நொடி முன்னே பின்னே விழும். பிறகு எடிட்டிங்குக்கு கேடன்லைவ் மென்பொருள், அதில் ப்ராக்ஸி என்று ஒன்று உண்டு. சின்ன நகலை வைத்து வேலை செய்துவிட்டுக் கடைசியில் அசலிலிருந்து வெளியே எடுக்கும். இரண்டும் இலவசம். 16 ஜிபி ராமும் கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு, நான் இப்போது அதில்தான் வேலை செய்கிறேன். முதல் கிளிப்பைப் போடுவதற்கு முன்பே டைம்லைனை நொடிக்கு 50 ஃபிரேம் என்று வைக்கச் சொல், அப்புறம் மாற்ற விடாது. மாதச் சந்தா மென்பொருள் எதுவும் இவனுக்கு இப்போது வேண்டாம்.

ரீப்ளேயில் ஆப்டிகல் ஃப்ளோ என்ற வசதியைத் தொடவே கூடாது என்று சொல். நடுவில் இல்லாத ஃபிரேமை அது தானாகவே வரைந்து வைக்கும். நடனத்துக்கு அழகாக இருக்கும். கபடியில் தொடாத விரல் தொட்டதாகத் தெரியும், அந்த வீடியோவைக் காட்டி அடுத்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். பாதி வேகத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு தடவை வரட்டும், போதும்.

ஏற்றும்போது 1080, 50 ஃபிரேம், 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு 12 மெகாபிட்). யூடியூபே இந்த அளவுக்குச் சொல்வது அதுதான். 40 நிமிட ஆட்டம் ஏறக்குறைய 3.6 ஜிபி வரும், ராத்திரி ஏற்றிவிட்டுத் தூங்கலாம்.

பழைய கேம்கார்டர் கைக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. புது மாடல்கள் வருவதே குறைந்துவிட்டது. பணம் கொடுக்கும் முன் சாயங்காலத்துக்கு மேல் ஏதாவது ஒரு ஆட்டத்தை 1/100-ல் கொஞ்ச நேரம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது நசுக்கிவிடும். கூகுள் டிரைவில் அசல் ஃபைலையே போடட்டும், பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
கணேசன்