கிரீனில் நட்ட அருகம்புல்

சிங்கப்பூர்,
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். "விளையாடுகிற இடத்தில் இத்தனை மாதமாக அப்படி என்ன வேலை?" என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் சொல்ல முடியாத வேலை என்பதால் இன்று விடுமுறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் பந்தை விழவைக்க 18 குழிகள். ஒன்பது குழிகள் உள்ள பக்கத்தை ஆட்டத்துக்கு மூடிவிட்டுப் புதுப்பிக்கிறார்கள். மற்ற ஒன்பதில் ஆட்டம் நடக்கிறது. ஆகையால் விடிவதற்கு முன்பே எழுந்து, ஆட்டக்காரர்கள் வருமுன் பழைய பக்கத்தில் புல் வெட்டி, பனியைத் துடைத்து, பங்கர் என்கிற மணல் பள்ளங்களை வாரிச் சமப்படுத்திவிட்டு, அதன்பிறகே புதிய பக்கத்துக்குப் போகிறோம். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் சுமார் 12 சென்ட் அளவுக்குப் பாய் விரித்ததுபோல் ஒரு புல்தரை இருக்கும். அதைக் கிரீன் என்பார்கள். வேலையின் உயிர் அங்கேதான்.

பழைய கிரீன்களில் மழை பெய்தால் தண்ணீர் வடியவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அது பெரிய குறை. ஆகவே மண்ணை அடியோடு தோண்டி எடுத்துவிட்டு, அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் முதன்முதலாக வெளியிட்ட முறைப்படி கட்டுகிறோம். அடியில் 15 அடிக்கு மிகாத இடைவெளியில் வடிகால் குழாய்கள், அவற்றின்மேல் 4 அங்குலம் சரளை, அதன்மேல் 12 அங்குலம் சலித்த மணல் கலவை. மணல் என்றால் ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓடிவிடுமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நுண்மணலில் இருக்கும் ஈரம் பெரிய சரளைக்குள் எளிதில் இறங்காமல் மேலேயே தங்கி வேருக்கு உதவுகிறது. அளவுக்கு மீறி நிறைந்தால் மட்டுமே கீழே வடிகிறது. இதை மேற்பார்வையாளர் ஒரு கண்ணாடிக் குடுவையில் செய்து காட்டியபோது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்பா, இங்கே நாங்கள் நடும் புல் அருகம்புல் இனம். நீங்கள் வரப்பில் மண்வெட்டியால் கிண்டிக் கிண்டி எறிந்தீர்களே, அந்த அருகையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதன் உறவுப் புல்லையும் கலந்து உருவாக்கிய குட்டை வகை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் உருவானது. இது விதை பிடிக்காத புல் என்பதால் தண்டுகளைத் துண்டுகளாக்கி மணல்மேல் சீராகத் தூவி, உருளையால் அழுத்தி, மெல்லியதாக மணல் போர்த்துகிறோம். வேர் பிடிக்கும்வரை மேல்மணல் காயக்கூடாது. வெயில் நாளில் சிறிது சிறிதாகப் பலமுறை நீர் தெளிக்க வேண்டும். நாற்றுப் பிடித்தபின் வயலில் நின்று பார்ப்பீர்களே, அதே மாதிரி நானும் தினமும் குனிந்து புதுத் தளிர் எங்கே ஓடியிருக்கிறது என்று பார்க்கிறேன். நன்றாக மூடியபின் முதலில் உயரமாக வெட்டி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவருவோம்.

பழைய புல்லின் ஒரு கணு விழுந்தாலும் அது முளைத்துக் கிரீனில் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் புதிய பக்கத்தில் கால் வைக்குமுன் காலணியையும் இயந்திரத்தின் சக்கரத்தையும் கழுவுகிறோம். அருகின் பிடிவாதம் நமக்குத் தெரிந்ததுதானே.

சென்ற மாதம் ஒரு பிற்பகல் இடியும் மின்னலுமாக வந்த மழையில், நட்டு நான்கு நாளே ஆகியிருந்த ஒரு கிரீனின் சரிவுப் பகுதி முழுவதும் அரித்துக்கொண்டு போய்விட்டது. மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் எல்லோரும் கொட்டகைக்குள் போய்விட வேண்டும் என்பது விதி. உள்ளே நின்று, மணல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. எனக்கு அழுகையே வந்தது. மறுநாள் ஆறு பேர் சேர்ந்து மணலை நிரப்பி, மட்டம் பார்த்து, கையாலேயே மறுபடி நட்டோம். இப்போது அந்த இடத்தை வேறுபடுத்திச் சொல்ல முடியாது.

அந்தச் சேற்று நீரையும் இங்கே சும்மா விட்டுவிட முடியாது. பொதுக் கால்வாயில் விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது என்பது சட்டம். தடுப்புத் துணி கட்டி, குட்டையில் தேக்கித் தெளியவைத்த பிறகே வெளியேற்றுகிறோம். தேங்கிய நீரில் கொசுப்புழு வராமலும் பார்க்க வேண்டும். டெங்கு விஷயத்தில் இந்த ஊரில் மிகவும் கண்டிப்பு.

இதையெல்லாம் பார்த்ததில் ஒன்று மனத்தில் ஓடுகிறது. நம் கொல்லையில் தென்கிழக்கு மூலையில் தண்ணீர் நின்று, அம்மா வைக்கும் கத்திரிச் செடிகள் ஒவ்வோர் ஐப்பசியிலும் அழுகிப்போகின்றனவே, அங்கே ஒரு பள்ளம் எடுத்து, குழாய் புதைத்து, சரளை நிரப்பி வாய்க்கால் பக்கம் சரிவு கொடுத்தால் தண்ணீர் வடிந்துவிடும். பங்குனியில் விடுமுறைக்கு வரும்போது நாம் இருவரும் அளவெடுப்போம். அதுவரை அந்த மூலையில் வண்டி மண் அடிக்க வேண்டாம், அப்பா.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்