வீட்டு மைனிங் இயந்திரத்தின் மின்னிணைப்பு உருகிப் புகைந்தமை தொடர்பான புகார்

தலவாக்கலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்திடம் நானும் என் தம்பியும் சேர்ந்து வாங்கி, தங்கள் தொழில்நுட்பவியலாளரே நேரில் வந்து எங்கள் வீட்டில் பொருத்திக் கொடுத்த ஆறு கிராஃபிக்ஸ் அட்டைகளை இடைவிடாமல் கணக்கிட வைத்து மெய்நிகர் நாணயம் ஈட்டும் கிரிப்டோ மைனிங் இயந்திரம், கடந்த மாதம் ஓர் இரவில் புகைந்தது. அட்டைகளைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் ரைசர்களில் ஒன்றுக்கு மின்சாரம் கொண்டு சென்ற வயரின் முனை உருகி, கீழே இருந்த மரச்சட்டத்தின் மீது சொட்டி, அதைக் கருக்கியிருந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் தம்பி மெயின் சுவிட்சை அணைத்ததால் தீ மேலே ஏறவில்லை. அந்தச் சட்டத்துக்கும் எங்கள் கூரைப் பலகைக்கும் இடையே ஓர் ஆள் உயரம்கூட இல்லை.

இதைத் தங்கள் வாட்ஸ்அப் இலக்கத்துக்குப் படங்களுடன் அறிவித்தபோது, "மலையகப் பகுதிகளில் மின்னழுத்தம் கூடிக் குறைவதாலும் ஈரப்பதத்தாலும் ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்துக்குள் அடங்காது" என்ற பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. எங்கள் பகுதியில் மின்னழுத்தம் கூடிக் குறைவது உண்மை. மழைக்காலத்தில் சுவர் வியர்ப்பதும் உண்மை. எனினும் இந்த இணைப்பு உருகியதற்குக் காரணம் அவை அல்ல என்பதை உருகிய பொருளே காட்டுகிறது.

தங்கள் தொழில்நுட்பவியலாளர் ரைசர்களுக்கு மின்சாரம் கொடுக்கப் பயன்படுத்தியவை, வன்தட்டுகளுக்கு என்று அமைந்த சாட்டா இணைப்புகள் ஆகும். சாட்டா மின்னிணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள் உள்ளன, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியருக்கு அளவிடப்பட்டது. ஆகவே முழு இணைப்பும் தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கிராஃபிக்ஸ் அட்டை தன் செருகுமிடத்தின் வழியாக 75 வாட் வரை எடுத்துக்கொள்ள நியமம் இடமளிக்கிறது. அதில் 12 வோல்ட் வழியே மட்டும் 5.5 ஆம்பியர், 66 வாட். எல்லா அட்டைகளும் அந்த எல்லையைத் தொடுவதில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் பொருத்துகின்றவர் கணக்குப் பார்க்க வேண்டியது அட்டை எடுக்கக்கூடிய உச்ச அளவைத்தான். அதற்கு மேல், எங்கள் இயந்திரத்தில் ஓரிடத்தில் ஒரே சாட்டா முனையிலிருந்து வயரைப் பிரித்து இரண்டு ரைசர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். உருகியது அந்த முனையே. 4.5 ஆம்பியர் தாங்கும் இணைப்பின் மீது 11 ஆம்பியர் வரை ஏறக்கூடிய சுமையை வைத்துவிட்டு, உருகிய பிறகு மழையைக் குறை கூறுவது எவ்வாறு நியாயமாகும்?

நகரிலிருந்து வந்து பார்த்த, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னியலாளர் ஒருவரும் இதையே கூறினார். மஞ்சள் வயர், அதாவது 12 வோல்ட் வயர், நுழையும் இடத்தில் மட்டுமே பிளாஸ்டிக் கருகியுள்ளது. சிவப்பு வயரின் பக்கம் அநேகமாக அப்படியே இருக்கிறது. மின்னழுத்தம் திடீரென உயர்ந்து சேதம் விளைந்திருந்தால், சுவரிலிருந்து மின்சாரம் உள்ளே வரும் பவர் சப்ளையின் முன்பகுதிதான் முதலில் பாதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பவர் சப்ளை இன்றும் பழுதின்றி இருக்கிறது. ஆறு அட்டைகளும் பழுதாகவில்லை. உருகிய முனையை நான் கழற்றிப் பத்திரப்படுத்தியுள்ளேன். தங்கள் பொறியியலாளர் எவரேனும் நேரில் வந்தால் காட்டத் தயாராக இருக்கிறேன், தபாலில் அனுப்ப மாட்டேன்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்கும்போது பயமில்லை" என்று பொருத்திய நாளில் எங்களிடம் சொன்னார்கள். இந்தச் சொல் பற்றியே நான் மிகவும் கவலைப்படுகிறேன். ஏனெனில் இதை நம்பித்தான் பல வீடுகளில் இவ்வகை இயந்திரங்களை இரவு பகலாக ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரம் நிலத்துக்குக் கசியும்போது துண்டிப்பது. உருகிய முனையில் மின்சாரம் எங்கும் கசியவில்லை. போக வேண்டிய வழியிலேயே போய், ஊசி தொடும் சிறு பரப்பில் வெப்பமாக மாறிக்கொண்டிருந்தது. மிகைமின்னோட்டத்துக்கான சிறு ஆளியும் விழாது. ஏனெனில் வீட்டுக்குள் வரும் மொத்த மின்னோட்டம் அதன் அளவுக்குள்தான் இருந்தது. பவர் சப்ளையும் நிற்காது. 1,600 வாட் பவர் சப்ளை 12 வோல்ட்டில் ஏறத்தாழ 133 ஆம்பியர் தரவல்லது, அதன் கண்ணுக்கு 11 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. தங்கள் செயலி கைத்தொலைபேசியில் காட்டிய வெப்பநிலையோ அட்டையின் சில்லுக்கு உரியது. இணைப்பு முனையில் உணரி கிடையாது. முனை உருகிக்கொண்டிருந்தபோது செயலியில் எல்லா அட்டைகளும் பச்சை நிறத்திலேயே இருந்தன. எனவே இவ்வியந்திரத்தில் தீ பிறக்கக்கூடிய இடத்தை, வீட்டில் உள்ள எந்தக் காவலும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அங்கே பாதுகாப்பு என்பது சரியான இணைப்பைச் சரியான முறையில் பொருத்துவது மட்டுமே. அதைச் செய்வதற்குத்தான் தாங்கள் பொருத்துகூலி பெற்றீர்கள்.

சுவர்ப் பக்க இணைப்பும் இதே அலட்சியத்துடன்தான் நடந்தது. தங்கள் விலைச்சீட்டில் இயந்திரம் எடுக்கும் மின்சாரம் 1,100 வாட் என்று அச்சிடப்பட்டுள்ளது. 230 வோல்ட்டில் அது 4.8 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. தங்கள் ஆள் அதைச் செருகியது, விளக்கு வயரிலிருந்து பிரித்தெடுத்த பழைய 5 ஆம்பியர் வட்ட முள் பிளக் பொயின்ட்டில், ஒரு மாற்றியையும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரையும் இடையில் வைத்து. அதே வயரில் ரவுட்டரும் சிறு திரையும் இருந்தன. மின் கேத்தல் இதைவிடக் கூடுதலான மின்சாரம் எடுக்கும். ஆனால் தண்ணீர் கொதித்ததும் நின்றுவிடும், வயர் ஆறிவிடும். மைனிங் இயந்திரத்துக்கு நிற்கும் நேரமே கிடையாது. மாதம் 790 அலகுகளுக்கு மேல் ஒரே வயர் வழியாக இடைவிடாமல் ஓடும்போது, தளர்ந்த ஒரு திருகாணியோ தேய்ந்த ஒரு தொடுமுனையோ போதும், வயர் சூடேறிவிடும். சாதாரண பீவீசி உறை 70 பாகை செல்சியசுக்கே அளவிடப்பட்டது. அதற்கு மேல் நாள்பட்டால் இறுகி, வெடித்து, செம்பை வெளியே காட்டும். இவ்வியந்திரத்துக்குத் தேவையானது பகிர்வுப் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் தனியாக இழுத்த ஒரு மின்சுற்றும், தனி ஆளியும், உருகி (ஃபியூஸ்) உள்ள 13 ஆம்பியர் சதுர முள் செருகியும் ஆகும். சம்பவத்துக்குப் பிறகு வந்த மின்னியலாளர் அதை ஒரே முற்பகலில் செய்து முடித்தார். விற்பனைக்கு முன் தாங்கள் கேட்டிருந்தால் நாங்கள் அப்போதே செய்திருப்போம்.

எங்கள் பிரதேசத்தின் குளிரைத் தாங்கள் விளம்பரத்தில் பெரிய நன்மையாகக் காட்டுகிறீர்கள். "டீச்சர், இங்கத்தைய குளிருக்கு ஏசி வேண்டாம், ஒரு காற்றாடி போதும்" என்று தங்கள் ஆள் என்னிடம் கூறினார். மழைக்காலத்தில் அந்த அறையில் துணி காயப் போடலாம் என்றும் மகிழ்ச்சியோடு சொன்னார். சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆயினும் இதைவிட ஆபத்தான ஆலோசனை வேறு இருக்க முடியாது. தென்மேல் பருவமழையின்போது வாரக்கணக்கில் துணி காயாமல் தவிக்கும் எந்தக் குடும்பமும் சூடான காற்று வரும் இடத்தைத் தேடும். அந்தத் தேவையை ஆயிரம் வாட் ஓடும் திறந்த இயந்திரத்தின் தலைக்கு மேல் கொடி கட்டித் தீர்த்துக்கொள்ளச் சொல்வது கூடாது. குளிருக்குச் சன்னலை அடைக்கும் வீட்டில் வெப்பக் காற்று வெளியேறவும் வழியில்லை. மின்வெட்டின்போது இயந்திரம் குளிர்ந்து, ஈரக் காற்று உலோகத்தில் படிகிறது. விறகடுப்பின் கரித்தூள் காற்றாடி இறகுகளில் ஒட்டுகிறது. குளிர் ஊர் என்றால் கவனம் குறைவாகப் போதும் என்பது தவறு. இங்கே கவனம் வேறு வகையாகத் தேவைப்படுகிறது.

நாங்கள் குடியிருப்பது தேயிலைத் தோட்டத்து லயன் வரிசையின், அதாவது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளின், தொங்கல் வீடு. பொருத்துவதற்கு முன் தங்கள் ஆள் அதை நேரில் பார்த்தார். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. இடைச்சுவர்கள் கூரைவரை எழவில்லை. மேலே பழைய மரமும் தகரமும்தான். இத்தகைய வரிசையில் ஒரு காம்பிராவில், அதாவது ஒரு குடும்பத்தின் அறையில், பிடித்த தீ அடுத்த காம்பிராவுக்குப் போகச் சுவரை எரிக்க வேண்டியதில்லை, கூரைக்கு அடியிலுள்ள இடைவெளியே போதும். மலையகத்தில் லயன்கள் தீக்கிரையாகி, உடுத்த துணியோடு மக்கள் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்ட செய்திகளைத் தாங்களும் படித்திருப்பீர்கள். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து புறப்பட்டு, தோட்டத்து வளைவுகளில் ஏறி வந்து சேரும்போது அணைப்பதற்கு என்ன மிஞ்சும் என்பதை இங்கே பிறந்தவர்கள் அறிவார்கள். அந்த இரவு புகை கண்டதும் பக்கத்து வீட்டார் வாளியில் தண்ணீருடன் ஓடி வந்தார்கள். மின்சாரம் துண்டிக்கப்படாத இயந்திரத்தின் மீது அது ஊற்றப்பட்டிருந்தால் ஊற்றியவருக்கே மின்னதிர்ச்சி ஏற்பட்டிருக்கும். தங்கள் கையேட்டில் மெய்நிகர் நாணயப்பை (வாலட்) திறப்பதற்குப் பல பக்கங்கள் உள்ளன. முதலில் மெயினை அணைக்க வேண்டும், உலர் தூள் அல்லது காபனீரொட்சைட்டு அணைப்பான் அருகில் இருக்க வேண்டும், அறையில் புகை உணரி பொருத்த வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

வருமானம் குறித்து எனக்குப் புகார் எதுவும் இல்லை. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மெய்நிகர் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு கிராஃபிக்ஸ் அட்டைகளால் ஈட்டுவது பெரிதும் குறைந்துவிட்டது என்பதையும், மெய்நிகர் நாணயங்களின் ஆபத்துகள் பற்றி இலங்கை மத்திய வங்கி பொதுமக்களைப் பலமுறை எச்சரித்திருப்பதையும் அறிந்தே நாங்கள் இதில் இறங்கினோம். பணம் இழக்கும் ஆபத்தை ஒருவர் தனக்காக ஏற்கலாம். அடுத்த வீட்டுக் குழந்தைகள் தூங்கும் கூரையைப் பணயம் வைக்கும் உரிமை எனக்கும் இல்லை, தங்களுக்கும் இல்லை.

ஆகவே தங்களிடம் முதன்மையாகக் கோருவது ஒன்று உண்டு. என் நட்டஈட்டுக்கும் முன்பாக அதைச் செய்யுங்கள். சாட்டா முனையிலிருந்து ரைசருக்கு மின்சாரம் கொடுத்துத் தாங்கள் பொருத்திய இயந்திரங்கள் உள்ள எல்லா வாடிக்கையாளர்களையும் இந்த வாரத்துக்குள் தொலைபேசியில் அழைத்து, இயந்திரத்தை அணைத்து வைக்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகச் சொல்லுங்கள். பின்னர் தங்கள் செலவில் ஆள் அனுப்பி, ஒவ்வொரு ரைசருக்கும் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக வரும் ஆறு முனை வயரை மாற்றிக் கொடுங்கள். மரச்சட்டங்களை அகற்றி உலோகச் சட்டங்களைப் பொருத்துங்கள். இனி விற்கும்போது வீட்டு வயரிங்கைத் தகுதி பெற்ற மின்னியலாளர் பார்வையிடாமல் பொருத்த வேண்டாம். பொதுக்கூரை உள்ள லயன் வீடுகளுக்கு இவ்வியந்திரத்தை விற்பதையே நிறுத்துங்கள். கடைசியாகச் சொன்னது தங்கள் வியாபாரத்துக்குக் கசப்பாக இருக்கும். என் தம்பிக்கும் அது கசப்பாகத்தான் இருந்தது. இருந்தும் இயந்திரத்தை நாங்கள் மீண்டும் இயக்கவில்லை, இந்தக் கூரையின் கீழ் இயக்கப்போவதும் இல்லை.

எங்களைப் பொறுத்தவரை, இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையையும் பொருத்துகூலியையும் திருப்பித் தருவதுடன், உத்தரவாதத்தை மறுத்து அனுப்பிய பதிலை எழுத்தில் மீளப்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்வேன். உருகிய முனையையும் கருகிய சட்டத்தையும் அங்கே ஒப்படைப்பேன்.

பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் பிரதி, உருகிய இணைப்பின் படங்கள், மின்னியலாளரின் கையொப்பமிட்ட அறிக்கை ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பாடசாலை விட்ட பின், பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் என்னைத் தொலைபேசியில் தொடர்புகொள்ளலாம்; இலக்கம் பற்றுச்சீட்டில் உள்ளது.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
தலவாக்கலை.