நிமிடக் கணக்கை விட்டு டிகிரிக் கணக்கைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் மசாலா தடவிய மாட்டிறைச்சியை முழுத் துண்டாக வீட்டிலேயே கிரில் செய்வது பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்திருந்தது. ஒன்றரைக் கிலோத் துண்டை அப்படியே தணலில் வைத்துச் சுடுவது எப்படி என்று யாராவது விரிவாக எழுத மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான், அதனால் ஆசையோடு படித்தேன். மசாலாவுக்கு எத்தனை ஸ்பூன், எந்தப் பொடி என்றெல்லாம் பாதிப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சுடும் பகுதி வந்ததும் நல்ல நெருப்பில் பக்கத்துக்கு இருபது நிமிடம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நம்பிச் செய்பவருக்கு வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக ஒரு துண்டு கிடைக்கும், இல்லையென்றால் செருப்புத் தோல் போல ஒன்று கிடைக்கும். நல்ல இறைச்சி மலிவான பொருள் இல்லை, ஒரு தடவை இப்படி ஆனால் பலர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த நிமிடக் கணக்கு. பெரிய துண்டு எவ்வளவு நேரத்தில் வேகும் என்பதை அதன் எடை தீர்மானிப்பதில்லை, கனம்தான் தீர்மானிக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு துண்டில் ஒன்று தட்டையாகவும் இன்னொன்று உருண்டையாகவும் இருந்தால் இரண்டுக்கும் நேரம் ஒன்றாக இருக்கவே முடியாது. சூடு வெளியிலிருந்து நடுவுக்கு மெதுவாக நகர்ந்து போக வேண்டும், கனம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, கிட்டத்தட்ட நாலு மடங்கு வரை போகும். அது போக, இறைச்சி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஏறியதா, காற்று அடிக்கிறதா, கரி எவ்வளவு போட்டீர்கள், மூடியை எத்தனை முறை திறந்து பார்த்தீர்கள், எல்லாமே கணக்கை மாற்றும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்ணை எப்படி அச்சடிக்க முடியும்?

அச்சடிக்க வேண்டிய எண் துண்டின் நடுவில் இருக்கும் வெப்பம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும், வேறு எந்த விசேஷக் கருவியும் வேண்டாம். அதைக் கனமான பகுதியின் நட்டநடுவில், எலும்பிலும் கொழுப்பிலும் படாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அது சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் இருந்தால் ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வையுங்கள், 0 டிகிரி காட்ட வேண்டும். கிரில் மூடியில் பொருத்தியிருக்கும் வட்ட மீட்டரை நம்பி இறைச்சியை எடுக்கச் சொல்லாதீர்கள், அது மேலே இருக்கும் காற்றின் சூட்டைத்தான் சொல்லும்.

இனி அந்த எண்கள். 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இறைச்சியின் புரதத்தில் ஒரு வகை இறுகத் தொடங்குகிறது, அதனால்தான் பச்சை இறைச்சியின் கொழகொழப்பு போய்க் கடிக்க இதமாக ஆகிறது. 60-ஐத் தாண்டும்போது தசைகளைச் சுற்றியிருக்கும் ஜவ்வு சுருங்கி, பிழிந்தது போலச் சாற்றை வெளியே தள்ளும். 66-க்கு மேல் இன்னொரு வகைப் புரதமும் இறுகிவிடும், அப்புறம் கொழுப்பில்லாத துண்டு வறண்டு போவதைத் தடுக்க முடியாது. நடுவில் 54-லிருந்து 57 வரை என்றால் சிவப்பு மாறாமல் சாறோடு இருக்கும், 60-லிருந்து 63 வரை இளஞ்சிவப்பு, 68-க்கு மேல் முழுக்க வெந்த பழுப்பு. எது பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம், ஆனால் பாதுகாப்புக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரியும் எடுத்த பிறகு 3 நிமிட ஓய்வும் என்று சொல்கிறது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயில் இருப்பவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் அதற்குக் கீழே போகவே கூடாது.

இந்த இடத்தில்தான் உங்கள் குறிப்பில் இருந்த இன்னொரு வரி என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது. மசாலா உள்ளே இறங்க முள்கரண்டியால் துண்டு முழுக்கக் குத்தச் சொல்லியிருக்கிறீர்கள். முழுத் துண்டைக் கொஞ்சம் சிவப்பாகச் சாப்பிட முடிகிறதே, கொத்துக்கறியை அப்படிச் சாப்பிடக் கூடாது என்கிறார்களே, ஏன்? கிருமிகள் பெரும்பாலும் வெட்டிய இறைச்சியின் வெளிப்பரப்பில்தான் இருக்கும், வெளிப்புறம் நன்றாகச் சுடும்போது செத்துவிடும். கொத்தும்போது வெளியே இருந்தது எல்லா இடத்துக்கும் கலந்துவிடுகிறது, அதனால் கொத்துக்கறிக்கு 71 டிகிரி வேண்டும். முள்கரண்டியால் ஆழமாகக் குத்துவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, வெளியே இருந்த கிருமியை நடுவுக்குக் கொண்டு போகிறது. குத்தச் சொல்லிவிட்டு நடுவில் எத்தனை டிகிரி என்று சொல்லாமல் விடுவது ரொம்பத் தப்பு.

அவ்வளவு குத்தியும் மசாலா உள்ளே போகப் போவதில்லை என்பது வேறு விஷயம். மிளகு, சீரகம், மல்லி, மிளகாய்த்தூள் எல்லாவற்றின் மணமும் பெரும்பாலும் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும், இரவு முழுக்க ஊறவைத்தாலும் அவ்வளவுதான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, மேலே படியும் அந்த மொறுமொறுப்பான காரப் படலமும் உள்ளே இருக்கும் வெறும் இறைச்சிச் சுவையும் ஒரே வாயில் சேர்வதுதானே இந்தச் சமையலின் அழகு. ஆழமாக உள்ளே போகக்கூடியது உப்பு மட்டும்தான். அதனால் உப்பை மசாலாவோடு கலக்காமல் தனியாக முதல் நாளே போடுங்கள் என்று எழுதுங்கள். கிலோவுக்குச் சுமார் 10 கிராம் தூள் உப்பு, எல்லாப் பக்கமும் சீராகத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில், சாறு சொட்டாதபடி ஒரு தட்டில், கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், மேலெல்லாம் ஈரமாகிவிடும், பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்து மெல்ல மெல்ல உள்ளே திரும்பிப் போகும், புரதத்தை இளக்கி, சூட்டில் சாறு கழன்று போவதையும் குறைக்கும். உப்புப் போட்டு அரை மணி நேரத்தில் அடுப்பில் ஏற்றுவதுதான் மோசமான நேரம், அப்போதுதான் மேல்பரப்பு முழுக்க ஈரமாக இருக்கும். ஒன்று முதல் நாளே போடுங்கள், முடியாவிட்டால் ஏற்றுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள்.

மூடாமல் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. மேல்பரப்பு உலர்ந்தால்தான் நிறம் வரும். ஈரம் இருக்கிற வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பழுப்பு நிறமும் அந்த வறுத்த மணமும் வருவதற்குப் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து மாற்றமடைய வேண்டும், அது 140 டிகிரியை ஒட்டித்தான் வேகமெடுக்கும். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயரால்தான் இன்றும் அந்த மாற்றத்தைக் குறிப்பிடுகிறார்கள்.

மசாலாவைப் பற்றி ஒன்றே ஒன்று. நீங்கள் கொடுத்த கலவை நல்ல கலவைதான், ஆனால் அதில் சர்க்கரை மூன்று ஸ்பூன், மிளகாய்த்தூள் அதைவிட அதிகம், இரண்டையும் நேர் நெருப்பில் இருபது நிமிடம் காட்டச் சொல்கிறீர்கள். சர்க்கரையும் மிளகாய்த்தூளும் எவ்வளவு சீக்கிரம் கருகும் என்று ஒரு தடவை வாணலியில் வறுத்துப் பார்த்தவருக்கே தெரியும், கருகினால் கசப்புதான். கொரகொரப்பாக இடித்த மிளகும் மல்லியும் சூட்டைத் தாங்கும். பச்சைப் பூண்டு விழுதைத் தடவினால் ஈரமும் சேரும், கருகவும் செய்யும், பூண்டுப் பொடி போதும்.

சரி, நெருப்பு. இந்தச் சமையலின் உயிரே இதுதான், உங்கள் குறிப்பில் இதைப் பற்றி எதுவும் இல்லை. கரியை அடுப்பு முழுக்கப் பரப்பக் கூடாது. ஒரு பக்கமாகக் குவித்துவிட்டு மறுபக்கத்தைக் காலியாக விட வேண்டும், கேஸ் கிரில் என்றால் ஒரு பக்க பர்னரை மட்டும் எரிய விட வேண்டும். மேலே சாம்பல் பூத்து, புகை அடங்கிய பிறகு இறைச்சியைக் காலிப் பக்கத்தில் வைத்து மூடியைப் போட்டுவிடுங்கள். மூடியின் காற்றுத் துளை இறைச்சிக்கு நேர் மேலே இருந்தால் சூடும் புகையும் அதைத் தாண்டித்தான் வெளியே போகும். உள்ளே காற்றின் சூடு 120-லிருந்து 135 வரை இருந்தால் போதும், கூடினால் கீழ்த் துளையைக் கொஞ்சம் அடையுங்கள். இப்படி மெதுவாக ஏற்றும்போது ஓரத்திலிருந்து நடு வரை ஒரே நிறமாக வேகும், வெளியே அரை அங்குலம் பழுப்பாகவும் நடுவில் மட்டும் சிவப்பாகவும் இருக்காது. கடைசியில் எங்கே எடுக்க விரும்புகிறீர்களோ அதற்கு ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும்போது தணல் இருக்கும் பக்கத்துக்கு நகர்த்தி, மூடியைத் திறந்து வைத்து, அடிக்கடி புரட்டிப் புரட்டி வெளிப்புறத்தை மட்டும் முறுவலாக்குங்கள். சில நிமிட வேலை, பக்கத்திலிருந்து நகரக் கூடாது. கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால் உடனே காலிப் பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டும். எரியும் கொழுப்பின் புகை இறைச்சியில் கரியாகப் படிவது சுவைக்கும் நல்லதல்ல, உடம்புக்கும் நல்லதல்ல, அந்தப் புகையில் புற்றுநோயோடு தொடர்புள்ள சேர்மங்கள் இருக்கின்றன.

முதலில் நல்ல நெருப்பில் காட்டி மேல்பரப்பை அடைத்துவிட்டால் சாறு உள்ளேயே நிற்கும் என்று எழுதியிருந்ததையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது, சோதித்துப் பார்த்தவர்கள் எப்போதோ மறுத்துவிட்டார்கள். முறுவலாக்கிய பிறகும் வாணலியில் சீற்றம் கேட்கிறதே, அது வெளியேறும் சாறுதான். நிறத்துக்கும் சுவைக்கும்தான் முறுவல், அதைக் கடைசியில் செய்தாலும் சாறு கூடுதலாகப் போய்விடாது.

எந்தத் துண்டும் சரி என்று சொன்னதும் சரியில்லை. இடுப்பு, முதுகு, விலாப் பக்கத்துத் துண்டுகளுக்குத்தான் நான் மேலே சொன்ன எண்கள். தோளும் நெஞ்சும் அதிகம் உழைக்கும் தசைகள், ஜவ்வு நிறைய. அவற்றை 57-ல் எடுத்தால் மெல்லவே முடியாது. ஜவ்வு கரைந்து பசையாக வேண்டுமானால் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் இருந்து நடுவில் 90-ஐத் தாண்டிப் போக வேண்டும், அது தனிச் சமையல், தனிக் குறிப்பாகவே போடலாம்.

இறக்கிய பிறகும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும், 3-லிருந்து 5 டிகிரி வரை, நெருப்பு பலமாக இருந்திருந்தால் இன்னும் கூட. அதைக் கணக்கில் வைத்து முன்னதாகவே இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு வெட்ட வேண்டும், பாதுகாப்புக்காக 63 வேண்டும் என்பவர்கள் மட்டும் முன்னதாக இறக்காமல், தெர்மாமீட்டர் 63-ஐத் தொட்டதைப் பார்த்துவிட்டே இறக்கட்டும். தட்டில் வடியும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து ரத்தம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமி கலந்த நீர். வெட்டும்போது நாருக்குக் குறுக்காக, மெல்லியதாக வெட்ட வேண்டும், நாரின் போக்கிலேயே வெட்டினால் மேலே சொன்ன எல்லாம் வீண். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மசாலா தடவுவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், கருத்த படலம் ஏறிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் இடம் பார்த்து எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இணைப்பிலேயே, பெரிய எழுத்தில் திருத்தம் வர வேண்டும். மழை நாளில் கரி அடுப்பைச் சமையலறைக்குள் கொண்டு வந்து ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தலைசுற்றல் வரும்போதே எழுந்து போக முடியாத நிலை வந்துவிடலாம், ஒரு ஜன்னல் அதற்குப் போதாது. நெருப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும் தணல் உள்ளே இருக்கும் வரை அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும், அதனால் வேலை முடிந்ததும் அடுப்பை வீட்டுக்குள்ளேயோ கேரேஜிலோ கொண்டு வந்து வைக்கவும் கூடாது. மழை பெய்தால் அன்றைக்கு ஓவனில் 120 டிகிரியில் மெதுவாக வேகவைத்துக் கடைசியில் காய்ந்த இரும்பு வாணலியில் முறுவலாக்கிக்கொள்ளலாம், தெர்மாமீட்டர் கணக்கு அதற்கும் இதேதான்.

இப்படிக்கு,
உங்கள் சமையல் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் வாசகர்