ஷான்ஸ் எலிசேவையும் லா டெஃபான்ஸையும் பிரித்துப் பார்க்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த பாரிஸ் பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஷான்ஸ் எலிசே சாலையின் அழகைக் கட்டுரையாளர் மனம் நிறைந்து எழுதியிருக்கிறார். ஆயினும், அச்சாலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸை மாற்றியமைத்த அதிகாரியான ஓஸ்மான் உருவாக்கியதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டிருப்பதையும், அதே நேர்கோட்டில் மேற்கே உள்ள லா டெஃபான்ஸ் வணிக வட்டாரத்தைச் சுற்றுலாப் பயணிகள் தவிர்த்துவிடலாம் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதையும் கண்ட பிறகு, இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த பலரைப் போலவே எனக்கும் பாரிஸில் உறவினர்கள் உண்டு. அவர்களைக் காணச் செல்லும்போதெல்லாம் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கி இந்தக் கோட்டின் வழியே நடப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பழைய சாலையும் புதிய கோபுரங்களும் ஒரே நகரத் திட்டத்தின் பகுதிகள் என்பதையும், ஒன்று அங்கே இருப்பதால்தான் மற்றொன்று இன்னும் இப்படி இருக்கிறது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வரலாறு. இந்தச் சாலைக்கு வித்திட்டவர் பதினான்காம் லூயி மன்னரின் தோட்டக் கலைஞரான ஆந்த்ரே லெ நோத்ர். 1667இல் அவர் துய்லரி அரண்மனைத் தோட்டத்தின் நடுப்பாதையை மேற்கு நோக்கி நீட்டி, வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தில் இருபுறமும் மரங்களை நட்டார். ஷான்ஸ் எலிசே என்ற பெயர் 1709இல் வழங்கத் தொடங்கியது. ஓஸ்மான் பாரிஸை மாற்றியமைத்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான். வெற்றி வளைவைச் சுற்றிப் பன்னிரண்டு சாலைகள் விண்மீன் கதிர்களைப் போலப் பிரியும் அமைப்பு அவர் காலத்தில் நிறைவு பெற்றது. அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் மூலக் கோட்டை இழுத்தவர் ஒரு தோட்டக்காரர் என்பதை மறந்துவிட்டால், சாலை ஏன் எழுபது மீட்டர் அகலத்தில் இருக்கிறது, அதன் கிழக்குப் பாதியில் ஏன் கடைகளே இல்லை என்பவை விளங்காமல் போய்விடும்.

அந்தக் கிழக்குப் பாதியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில், கொன்கோர்ட் சதுக்கத்திலிருந்து ரோன் புவான் வட்டம் வரையிலான பகுதி முழுவதும் பூங்காதான். கஷ்கொட்டை மரங்களின் நிழலில் அமர்ந்து மணிக்கணக்கில் பொழுதைக் கழிக்கலாம். எவரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். 1900ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட கிராந்த் பலே, பெத்தி பலே என்னும் இரு மாளிகைகளும் இங்கேதான் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுக்கு இடையே நின்று தெற்கே பார்த்தால், அதே ஆண்டில் திறக்கப்பட்ட மூன்றாம் அலெக்சாந்தர் பாலமும், அதற்கு அப்பால் இன்வாலித் மாளிகையின் பொன் வேய்ந்த குவிமாடமும் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் தெரியும். பாரிஸில் காசு கொடுக்காமல் காணக்கூடிய காட்சிகளில் இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல இயலவில்லை.

மேற்குப் பாதியின் கடைகளைக் கட்டுரையாளர் விரிவாகவே வருணித்திருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அங்கே கவனிக்க வேண்டியது நடைபாதை. 1990களின் தொடக்கம் வரை அந்த நடைபாதையை ஒட்டிய பக்கச் சாலைகளில் கார்கள் அடைத்து நின்றன. 1992க்கும் 1994க்கும் இடையே அவற்றை அகற்றி, வாகன நிறுத்தத்தைத் தரைக்குக் கீழே கொண்டுசென்று, கருங்கல் பாவி, இன்னொரு வரிசை பிளேன் மரங்களையும் நட்டார்கள். 2016 முதல் மாதத்தின் முதல் ஞாயிறன்று இந்தச் சாலையில் வாகனங்களுக்கு இடமில்லை. வாடகை உயர்ந்து உலகப் பெருநிறுவனங்களின் கடைகளே மிஞ்சிவிட்டதால் பாரிஸ்வாசிகளே இந்தச் சாலைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்ற குறை அங்கே பலரிடமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆயினும் ஜூலை 14 அணிவகுப்பு நடப்பதும், 1975 முதல் தூர் த பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் பெரும்பாலும் நிறைவடைந்து வருவதும், 1944 ஆகஸ்ட் 26 அன்று விடுதலை பெற்ற பாரிஸில் பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் மக்கள் வெள்ளத்தின் நடுவே நடந்து சென்றதும் இந்தச் சாலையில்தான். ஒரு நாடு தன் மகிழ்ச்சியையும் சினத்தையும் காட்டத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கடைத்தெரு என்று மட்டும் கருதுவது பொருந்தாது.

சாலையின் உச்சியில் உள்ள வெற்றி வளைவை நெப்போலியன் 1806இல் கட்டத் தொடங்கினார். அவருடைய பேரரசு வீழ்ந்து, மன்னராட்சி மீண்டும் வந்து, அதன்பின் இன்னொரு புரட்சியும் நடந்து முடிந்து 1836இல்தான் பணி நிறைவெய்தியது. கீழே, முதல் உலகப் போரில் இறந்த பெயர் தெரியாத வீரரின் கல்லறையில் 1923 முதல் எரியும் சுடரை இன்றும் நாள்தோறும் மாலையில் தூண்டிவிடுகிறார்கள். உடல்நலம் இடம்கொடுப்பவர்கள் 284 படிகளை ஏறி மேல்தளத்துக்குப் போக வேண்டும். கிழக்கே ஷான்ஸ் எலிசேவும், எகிப்திலிருந்து வந்து 1836இல் நிறுவப்பட்ட லக்சர் கல்தூணும், துய்லரித் தோட்டமும், லூவரும் தெரியும். அப்படியே திரும்பி மேற்கே பார்த்தால், கிராந்த் ஆர்மே சாலை இறங்கிச் சென்று, நெய்யி நகரைக் கடந்து, செய்ன் ஆற்றுக்கு அப்பால் லா டெஃபான்ஸின் கோபுரங்களில் முடிவதைக் காணலாம். லா டெஃபான்ஸைத் தனித்த ஓர் ஊராக எண்ணுபவர்கள் அங்கே நின்று ஒருமுறை பார்த்தால் போதும்.

போருக்குப் பின்னர் பிரான்சின் தொழில்கள் பெருகியபோது, தலைநகரில் அலுவலகங்களுக்குப் பெரிய அளவில் இடம் தேவைப்பட்டது. பழைய நகரின் நடுவே அதற்கு வழியில்லாததால், 1958இல் ஒரு பொது அமைப்பை நிறுவி, புத்தோ, கூர்ப்வுவா, நான்தேர் நகராட்சிகளின் நிலத்தில் இந்த வட்டாரத்தை உருவாக்கும் பொறுப்பை அரசு அதனிடம் ஒப்படைத்தது. மூன்று புள்ளிகளில் மட்டும் ஊன்றி நிற்கும் க்னித் கண்காட்சிக் கூடம் அதே ஆண்டில் நிறைவடைந்தது. அதன் கான்கிரீட் கூரை ஒவ்வொரு பக்கத்திலும் 218 மீட்டர் இடைவெளியைத் தூணின்றித் தாண்டுகிறது. பாரிஸ் எல்லைக்குள் 210 மீட்டர் உயர மொம்பர்னாஸ் கோபுரம் 1973இல் எழுந்தபோது மக்களிடையே எதிர்ப்பு வலுத்தது. 1977இல் நகரின் கட்டட உயரங்களுக்குக் கடுமையான வரம்பு வந்தது. அந்த வரம்பைக் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம், உயரக் கட்டுவோருக்கு ஆற்றுக்கு அப்பால் ஓர் இடம் ஏற்கெனவே திறந்திருந்ததுதான். 231 மீட்டர் உயரமுள்ள ஃபர்ஸ்ட் கோபுரம் அங்கே நிற்பதால்தான் ஷான்ஸ் எலிசேயின் கூரைகள் இன்றும் மரங்களோடு ஒத்த உயரத்தில் இருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஏற்பாட்டிலும் சிக்கல் வந்தது. 1970களின் தொடக்கத்தில் புதிய கோபுரங்கள் வெற்றி வளைவுக்குப் பின்னால் தலைகாட்டியபோது, மூன்று நூற்றாண்டுக் காட்சி கெட்டுப்போனதென்று பெரும் சர்ச்சை எழுந்தது. கோட்டின் மேற்கு முனையில் என்ன கட்டுவது என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, இறுதியில் குடியரசுத் தலைவர் மித்தெரான் காலத்தில் பன்னாட்டுப் போட்டி நடந்தது. நானூறுக்கும் மேற்பட்ட திட்டங்களுள் டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யோஹான் ஓட்டோ ஃபொன் ஸ்ப்ரெக்கெல்சென் வரைந்தது தேர்வாயிற்று. ஏறத்தாழ 110 மீட்டர் அளவுள்ள ஒரு கனசதுரம். அதன் நடு முழுவதும் வெற்றிடம். நோத்ர தாம் தேவாலயமே அந்த வெற்றிடத்துக்குள் அடங்கும் என்பார்கள். பார்வையை அடைக்காமல் வானத்தை அப்படியே விட்டுவைத்த அந்த முடிவை வியக்காமல் என்னால் அங்கிருந்து திரும்ப முடிந்ததில்லை. ஸ்ப்ரெக்கெல்சென் 1986இல் பொறுப்பிலிருந்து விலகி, மறு ஆண்டே காலமானார். கட்டடக் கலைஞர் போல் ஆந்த்ரு பணியை முடித்துக்கொடுக்க, பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டான 1989இல் அந்தக் கனசதுரம் 'பெரு வளைவு' என்ற பெயரில் திறக்கப்பட்டது. கோட்டுக்குச் செங்குத்தாக நில்லாமல் ஆறு பாகைக்குச் சற்று அதிகமாக அது திரும்பியிருப்பதற்கு, கீழே செல்லும் ரயில் பாதைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே அடித்தூண்களை இறக்க வேண்டியிருந்ததே காரணம். மறுமுனையில் லூவரும் ஏறத்தாழ அதே அளவு சாய்ந்திருப்பதால், அந்தக் கட்டாயமே பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

லா டெஃபான்ஸில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. கோபுரங்களுக்கு இடையே காற்று கடுமையாக வீசும். நடைதளத்திலிருந்து கீழே இறங்கிவிட்டால் புதியவர்களுக்கு வழி தெரியாது. மாலை ஏழு மணிக்குப் பின் பல மூலைகள் ஆளற்றுப் போய்விடும். ஆனால் ரயிலையும் காரையும் அடியில் ஓடவிட்டு, மேலே முப்பது ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பை நடப்பவர்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்களே, அதை எத்தனை நகரங்களின் அலுவலகப் பகுதிகளில் காண முடியும்? சிற்பக் கலைஞர்களான கால்டரின் சிவப்பு இரும்புச் சிற்பமும், மீரோவின் வண்ண உருவங்களும், செசாரின் பன்னிரண்டு மீட்டர் கட்டைவிரலும் அங்கே கட்டணமின்றி நிற்கின்றன. வேலை நாளில் மதிய வேளையில் போனால், பெரு வளைவின் படிகளில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் உணவுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிழக்கே வெற்றி வளைவைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். ஏறத்தாழ 1,80,000 பேர் பணிபுரியும் இடம் அது. பாரிஸின் நிகழ்கால வாழ்வைக் காண விரும்புபவர் அங்கே போகாமல் இருக்கக் கூடாது.

போவதும் எளிது. 1900இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ முதலாம் தடம் லூவரின் வாசலிலிருந்து இந்தக் கோட்டின் அடியிலேயே சென்று, நெய்யிப் பாலத்தில் வெளிச்சத்துக்கு வந்து ஆற்றைக் கடந்து, 1992 முதல் லா டெஃபான்ஸ் வரை போகிறது. ஓட்டுநர் இல்லாத வண்டி என்பதால் முன்பக்கத்தில் இடம் கிடைத்தால் குழந்தைகள் மிகவும் மகிழ்வார்கள். நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் தங்குபவர்கள், அருகிலுள்ள மஜென்தா நிலையத்தில் ஏறினால், 2024இல் நீட்டிக்கப்பட்ட ஆர்.இ.ஆர். என்னும் புறநகர் ரயிலின் 'இ' தடத்தில் நேரே போய் இறங்கலாம்.

இதழின் பயணப் பகுதியில் இனி பாரிஸ் இடம்பெறும்போது, லூவர் முதல் பெரு வளைவு வரையிலான முழுக் கோட்டையும் காட்டும் ஒரு வரைபடத்தைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். லா டெஃபான்ஸில் பணிபுரியும் தமிழர் எவரேனும் தம் அலுவலக நாளைப் பற்றி எழுத முன்வந்தால், அதற்கும் தாங்கள் இடமளிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
புதுச்சேரி.