கூர் மழுங்கின ஊசி

கயல் கண்ணு,

நேற்று நீ அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் ஊர்க் கறுப்புக் களிமண் பலகைக் கல்லில் இக்தியோசரின், அதுதான் அந்தப் பழங்காலக் கடல் ஊர்வனவின், விலா எலும்பு வரிசையாகத் தெரிகிறது, அம்மா அதைப் பல்லி என்கிறாள். நான் பார்த்தது பக்கத்தில் கிடந்த உன் ஊசியை. நுனி உருண்டு போயிருக்கிறதே, அதை வைத்தா நாள் முழுக்க எலும்பைச் சுற்றின கல்லைச் சுரண்டினாய்?

அந்த எலும்பின் பதினெட்டுக் கோடி வருஷமெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் நாற்பது வருஷம் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவனுக்கு நுனி தெரியும். கூர் போன ஊசியைக் கை தானாகவே அழுத்தும், அழுத்தினது ஒரு நேரம் வழுக்கும், வழுக்கினால் போய்க் குத்துவது எலும்பில்தான். கட்டை விரல் நகத்தில் நுனியைச் சாய்த்து லேசாகத் தள்ளிப் பார். பிடித்தால் கூர், நழுவினால் கீழே வைத்துவிடு.

விலை கூடின செட் வாங்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். அந்தக் களிமண் பலகைக் கல்லுக்கு நல்ல எஃகு ஊசியே போதும், எலும்பை ஒட்டிப் பைரைட் என்ற கெட்டியான இரும்புக் கனிமம் படிந்த இடத்தில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு ஊசியை எடு, ஏனென்றால் பைரைட் எஃகைத் தின்றுவிடும். கார்பைடு கெட்டியானதே தவிர கண்ணாடி மாதிரி, பக்கவாட்டில் நெம்பினால் ஒடியும், தரையில் விழுந்தால் அவ்வளவுதான். நம் எண்ணெய்க் கல் அதன் மேல் சும்மா வழுக்கும், வைரத்தூள் பதித்த தட்டில்தான் தீட்ட வேண்டும். ஊசியை உருட்டிக்கொண்டே தீட்டு, நுனியை ரொம்ப நீளமாக இழுக்காதே. சக்கரத்தில் பிடிக்கும்போது எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, அடிக்கடி தண்ணீரில் தொட்டுக்கொள். கார்பைடு சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்காதே, விரிசல் விடும். அதன் தூசியையும் சுவாசிக்காதே, முகமூடி போடு.

பிடி மெலிசாக இருந்தால் விரல் மரத்துப்போகும், சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள். ஊசியைக் கவ்விப் பிடிக்கிற பின் வைஸின் வாயில் கல்தூள் அடைந்தால் எவ்வளவு முறுக்கினாலும் ஊசி ஆடும், தினமும் பிரஷ்ஷால் தட்டிவிடு. ஊசியை ரொம்ப வெளியே நீட்டாதே.

அப்புறம் எண்ணெய். துருப் பிடிக்காமலிருக்க ஊசிக்கு எண்ணெய் தடவுவது நம் பழக்கம், அதில்தான் நான் ஒரு பாவம் செய்தேன். நீ காலேஜில் படித்தபோது கருடமங்கலத்திலிருந்து ஒரு அம்மோனைட், சுருள் ஓட்டுக் கடல் பிராணியின் புதைபடிவம், கொண்டுவந்தாயே, அம்மா சாளக்கிராமம் என்று சொல்லிப் பூஜை அறையில் வைத்தாளே, அது. நீ ஹாஸ்டலுக்குப் போனதும் ஒட்டியிருந்த சுண்ணாம்பை எடுத்து உனக்குக் காட்டலாம் என்று எண்ணெய் துடைக்காத ஊசியோடு உட்கார்ந்தேன். சுழியில் கறை இறங்கிவிட்டது, ஒரு ஓரமும் உடைந்தது. ஒட்டிப் பார்த்தேன், எண்ணெய் ஏறின இடத்தில் பசை பிடிக்கவில்லை. எலி தள்ளிவிட்டது என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். எலி இல்லை கண்ணு. ஆகவே வேலைக்கு முன்னால் ஊசியை அசிட்டோனில் துடைத்துவிடு.

நீ போனில் சொன்ன, ஹோல்ஸ்மாடனில் புதைபடிவம் சுரண்டின ஹாஃப் என்பவரின் கதையை இங்கே எல்லோரிடமும் சொல்கிறேன். அவருடைய அப்பா கல்லிலிருந்து எண்ணெய் எடுக்க வந்தாராம், பிள்ளை 1892இல் அதே கல்லில் இக்தியோசரின் தோலின் அச்சையே வெளியே எடுத்தாராம். என்ன பொறுமையடா அது! அந்த ஆள் தன் ஊசியை எப்படித் தீட்டினார் என்று அங்கே யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுது.

எஃகு ஊசி ஆறு அனுப்புகிறேன், ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்ட்ராவில் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிடாதே. ஊறுகாய்ப் பாட்டில் மேலே, ஊசி அடியில், பார்த்துப் பிரி.

அப்பா